துளி, அலை, சமுத்திரம்

1997 ஓணம் முடிந்த வாரம் சப்தசேது கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனி பொழியூருக்கு வந்தபோது பங்குக் கோயில் மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. இவ்வளவு கூட்டம் கூடியதற்குக் காரணம் கம்பெனியின் பெருமை அல்ல. முந்தின நாள் மைக் கட்டிய ஜீப்பில் 'பீட்டா பரிசோதனைக்கு ஆள் எடுக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கடல் இரைச்சலில் ஜனங்களின் காதில் 'பேட்டா' என்று விழுந்தது. சும்மா வந்து நின்றால் படிக்காசு தருகிறார்கள் என்று நம்பி, வலை இழுக்கப் போக வேண்டியவர்கள்கூடக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

கம்பெனியின் முதலாளி ரெஜி பெங்களூரில் இன்ஜினியராக இருந்துவிட்டுத் திரும்பியவர். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆபீஸ் போட்டிருந்தார். மண்டபத்தில் வெயில் கொளுத்தியும் கழுத்தில் டை கட்டியிருந்தார்.

"பீட்டான்னா என்னான்னு பலருக்கும் மனசிலாவல்ல. அது கிரேக்க எழுத்தாக்கும். ஆல்ஃபான்னு மொதல்ல ஒண்ணு உண்டு. அதுல நாங்க மட்டும் கஷ்டப்பட்டோம். பீட்டாவுல நீங்களும் சேரலாம்" என்றார். பின் குரலைத் தாழ்த்தி, "நீங்க எங்களுக்கு வாடிக்கைக்காரங்க இல்ல. பங்காளிகளாக்கும்" என்றார்.

பங்காளி என்றாலே வேலித் தகராறு என்று கண்டவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். படிக்காசு இல்லை என்று தெரிந்ததும் ஆண்கள் எழுந்து போனார்கள். கட்டிய புருஷன் கல்ஃபில் இருக்கிற பெண்கள் மட்டும் மிச்சமானார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அவர்கள்தான்.

அவர்களில் ஒருத்தி ஜெம்மா. மீன்பெட்டியைச் சுமந்து பாறசாலைச் சந்தைக்குப் போகிறவள். அவள் கணவன் ததேயூஸ் ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தான். லாஞ்சு கரைக்கு வருகிற நாளில், துறைமுகத்துப் பெட்டிக் கடையில் டெலிபோன் கார்டு வாங்கி, பொழியூர் முக்கில் பொன்னப்பன் வைத்திருக்கும் டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடுவான். பொன்னப்பன் வாசலில் நிற்கிற யாரையாவது ஜெம்மாவின் வீட்டுக்கு ஓட விடுவார். அவள் மணலில் ஓடி வந்து மூச்சு வாங்கி ரிசீவரை எடுக்கும்போது ததேயூஸின் கார்டு தீர்ந்திருக்கும். பல மாதம் அவள் கேட்டது தன்னுடைய மூச்சுச் சத்தத்தை மட்டும்தான்.

கம்பெனியின் ஏற்பாடு இதற்குத்தான். ததேயூஸ் நெய்யாற்றின்கரை நம்பருக்குக் கூப்பிட்டு, அங்கே ஜெம்மாவுக்கென்று ஒதுக்கிய குரல்பெட்டியின் எண்ணை அமுக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி வைக்கலாம். அவள் சௌகரியப்பட்ட நேரத்தில் பூத்துக்குப் போய் அதே நம்பரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். பீட்டா முடியும்வரை இலவசம்.

முதல் செய்தி வந்த அன்று ஜெம்மா பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ததேயூஸ் அவசரமில்லாமல் பேசினான். அங்கே கிடைக்கிற மத்திக்கு ருசியே இல்லை என்றான். மகள் டெல்னாவுக்குப் பல் விழுந்ததா என்று கேட்டான். பேச ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அந்தச் சும்மாவில் பின்னால் யாரோ அரபியில் சிரிப்பதும் அலை அடிப்பதும் கேட்டன. ஜெம்மா அதை மூன்று முறை கேட்டாள். வெளியே வரும்போது அவள் கண் நனைந்திருந்ததைப் பொன்னப்பன் பார்த்தும் பாராதவர்போல் பீடி பற்ற வைத்தார்.

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்லத்தான் கம்பெனி அவளை மாதக் கடைசிச் சனிக்கிழமைதோறும் நெய்யாற்றின்கரைக்கு வரச் சொன்னது.

அங்கே கேள்வி கேட்கிறவள் பிரசீதா. தனுவச்சபுரத்தில் காலேஜ் படித்த பெண். நல்ல பெண்தான்; கேள்விகள் அவளுடையவை அல்ல.

"போன வாரம் செய்தி தெளிவாட்டு கேட்டுதா சேச்சி?"

"தெளிவாத்தான் கேட்டுது மக்கா. ஆனா அது எனக்க மாப்பிள இல்ல. விஜயம்மாவுக்க மாப்பிள ராஜையா."

"தெளிவுக்கு அஞ்சுல நாலு போடட்டா?"

"பிள்ளே, அந்த மனுசன் அவருக்க பெண்டாட்டிகிட்ட பேசின பேச்ச நான் கேட்டுட்டேன். இனி விஜயம்மா மொகத்துல நான் எப்படி முழிக்க?"

பிரசீதா பக்கத்து அறைக்குப் போய் ரெஜியிடம் கேட்டுவிட்டு வந்தாள். "நாலரை போடச் சொன்னாரு. எதிர்பாராத மகிழ்ச்சின்னு ஒரு எடம் உண்டு, அதுலயும் சேத்துக்கலாமாம்" என்றாள்.

அதன்பின் புதிய கேள்விகள் வந்தன. கணவனின் செய்தியில் எந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு இடிக்கிறது? செய்தி நடுவில் நின்றுபோனால், எந்த இடத்தில் நின்றால் அதிகக் கஷ்டம்? பெண்கள் இதையெல்லாம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் மனம் விட்டுப் பேசினார்கள். ஜெம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு காரியம் நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு நின்னா சகிக்க ஒக்காது" என்றாள்.

பிரசீதா பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பின்னால் நின்ற ரெஜி கை தட்டினார். அந்த மாதத்தின் சிறந்த பங்காளி என்று ஜெம்மாவுக்குக் கம்பெனியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

புதுவருடம் பிறந்ததும் பீட்டா முடிந்தது. மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் போட்டுக் கம்பெனி சந்தா திட்டங்களை வெளியிட்டது. கடலோர ஜனங்களின் மனத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று பெயர்களைக் கடலிலிருந்தே எடுத்திருந்தார்கள். துளித் திட்டத்தில் வருகிற செய்தியின் முதல் இருபது வினாடியைக் கேட்கலாம். அலைத் திட்டத்தில் ஒரு நிமிடம். சமுத்திரத்தில் முழுவதும். சந்தா துளிக்குக் கொஞ்சம், அலைக்கு அதன் மூன்று மடங்கு. சமுத்திரத்தை ஒரு வருடத்துக்குச் சேர்த்துத்தான் கட்ட முடியும். ஜெம்மா துளி எடுத்தாள். பெரும்பாலும் எல்லோரும் துளிதான்.

"இருபது வினாடியில அவரு என்னத்தப் பறைவாரு?" என்று விஜயம்மா எழுந்து கேட்டாள். "சுகமா இருக்கியா, பிள்ளைகளு சுகமா இருக்கா, மாமிக்கு சுகமான்னு கேட்டு முடியதுக்குள்ள அது போயிருமே."

ரெஜி இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல் மலர்ந்தார். "சேச்சி, பீட்டாவுல எங்களுக்குக் கிட்டின பெரிய அறிவு அதாக்கும். நம்ம ஆளுங்க நலம் விசாரிச்சு முடியதுக்கு சராசரி பதினேழு வினாடி. 'ஒரு காரியம்'னு ஆரம்பிக்கதுக்கு மூணு வினாடி. அதனாலதான் இருபதுன்னு வச்சோம். நாங்க ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு விலை வைக்கல்ல."

"அப்ப சுகமான்னு கேக்காண்டாமா?"

"கேக்கலாம். அலையில கேக்கலாம்."

துளிக்காரர்களின் நன்மைக்காகக் கம்பெனி ஒரு கேசட் வெளியிட்டது. விஷயத்தை முதலிலும் அன்பைப் பிறகும் சொல்லப் பழகுவது எப்படி என்று அதில் ரெஜியே பேசியிருந்தார். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் அது கல்ஃபுக்குப் போயிற்று. ததேயூஸும் கேட்டிருக்க வேண்டும். அவனுடைய அடுத்த செய்தி இப்படி இருந்தது: "பணம் அனுப்பினேன் மழை உண்டா டெல்னா படிக்கியாளா ஜெம்மா சுகந்தானே சுகந்தானே." மீதி வினாடிகளில் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றிருந்தான். ஜெம்மாவுக்கு அவன் யாரோ விரட்ட ஓடி வந்தவன் மாதிரி இருந்தது. அதற்கடுத்த செய்தியில் பழையபடி எல்லோருடைய சுகத்தையும் கேட்கத் தொடங்கிவிட்டான். ஒருவேளை அவனாலும் அந்த விதமாகப் பேச முடியவில்லை.

பொன்னப்பனின் பூத்தும் கம்பெனியின் ஏஜென்சி ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து நேராக வருகிற அழைப்புக்கு இனி ஆள் விட்டுக் கூப்பிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். "நான் வாசிக்காம ஒப்புப் போட்டுட்டேன் ஜெம்மா" என்று அவர் வருத்தப்பட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தையிலிருந்து வந்த ஜெம்மா பூத்துக்குப் போய் நம்பரை அமுக்கினாள்.

"ஜெம்மா பிள்ளே, நான் ததேயூஸாக்கும். சுகந்தானே. டெல்னா சுகந்தானே. அம்மைக்குக் கால்வலி எப்படி உண்டு. இஞ்ச ஒரு காரியம் நடந்துபோச்சு. நீ பயப்படாண்டாம். ஆனா நீ ஒடனே—"

ஒரு மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல் மிக இனிமையாக, உங்கள் அன்புக்குரியவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், மீதியைக் கேட்க அலைக்கோ சமுத்திரத்துக்கோ வாருங்கள் என்றது. பிரசீதாவின் குரல்தான் அது.

ஜெம்மா மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் 'ஒடனே' என்பதற்குப் பின்னால் அவன் மூச்சு இழுக்கிற சத்தம் இருந்தது. அழுகிறானா, இருமுகிறானா, கையில் எதையாவது தூக்குகிறானா என்று அதிலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தாள். பொன்னப்பன் கதவைத் திறந்து, "மதி, நிறுத்து பிள்ளே, காசு போவுது" என்றார். அவனைத் திருப்பிக் கூப்பிட நம்பர் கிடையாது. லாஞ்சுக்கு ஏது நம்பர்.

சனிக்கிழமை காலையில் அவள் பஸ் மாறி மாறி நெய்யாற்றின்கரைக்குப் போனாள். ஆபீஸ் வாசலில் வாழை கட்டி, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். கம்பெனியில் பணம் போடுவதற்காகப் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிரசீதா பட்டுப்புடவையில் சந்தனம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மக்கா, அது என்னான்னு கேட்டுச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் ஜெம்மா.

பிரசீதாவின் முகம் வாடியது. "அத நான் கேக்கப்படாது சேச்சி. உங்க ரகசியத்தக் காப்பாத்தது கம்பெனியின் கொள்கை."

"எனக்க ரகசியத்த எனக்கிட்டேருந்தா காப்பாத்துதீங்க?"

"அலைக்கு மாறுங்க. ஆனா மாறினதுக்குப் பெறவு வாற செய்திக்குத்தான் அது."

"இது ஏற்கெனவே வந்துபோச்சே."

"பழைய செய்திக்கு சமுத்திரம் எடுக்கணும். அப்பவும் அவருக்க சம்மதம் வேணும். பெட்டி உங்களுக்குள்ளது, குரல் அவருக்குள்ளதுல்லா."

"அவருகிட்ட நான் எப்படி மக்கா கேக்க?"

பிரசீதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு நீங்க ஒரு செய்தி வைக்கலாம். அந்தத் திட்டம் அடுத்த மாசம் பீட்டாவுல வருது."

உள்ளே இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரெஜி வெளியே வந்து, ஜெம்மாவை அன்போடு அழைத்துப் போய் பெங்களூர்க்காரர்களின் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். ஆரஞ்சு ஜூஸ் கொடுக்கச் சொன்னார். பிறகு அவர்களிடம் ஆங்கிலத்திலும், அவள் மனம் நோகக்கூடாது என்று இடையிடையே தமிழிலும் பேசினார்.

"இவங்க எங்க பழைய பங்காளி. நேத்து இவங்க ஒரு செய்திய ஒம்பது தடவ கேட்டிருக்காங்க. இண்ணைக்கு வியாபாரத்தப் போட்டுட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. விளம்பரத்துக்கு நாங்க ஒண்ணும் செலவழிக்கல்ல. இந்தத் தவிப்பு இருக்கே, இத உண்டாக்க மத்த கம்பெனிகளுக்கு வருசக்கணக்காகும். நாங்க இருபது வினாடியில செய்யுதோம்."

பெங்களூர்க்காரர்களில் ஒருவர் ஜெம்மாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவளும் அசைத்தாள்.

"சார், அதுல என்ன உண்டுன்னு மட்டும் சொல்லுங்க. நான் போறேன்" என்றாள்.

ரெஜிக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "சேச்சி, சொல்லதுக்கு எனக்கு ஒரு மடியும் தயக்கமும் இல்ல. ஆனா இப்ப, இவங்க முன்னால நான் சும்மா சொல்லிட்டேன்னா, எங்க திட்டமே பொய்யின்னு ஆயிப்போவும். நீங்களே ஆலோசிச்சுப் பாருங்க."

ஜெம்மா ஆலோசிக்கவில்லை. கீழே இறங்கிப் போய், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் பக்கத்துத் தெருவில் அடகு வைத்துவிட்டு வந்து சமுத்திரம் எடுத்தாள். பழைய பங்காளி என்பதால் சம்மதக் கடிதம் வேண்டும் என்பதைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆள் திங்கட்கிழமைதான் வருவான். எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போகவில்லை. வெயில் தாழும் நேரத்தில் டெல்னா முற்றத்திலிருந்து ஓடி வந்து, "அம்மே, அப்பச்சன்" என்றாள்.

ததேயூஸ் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. கட்டுத்துணியில் மஞ்சள் நீர் ஊறியிருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"செய்தி கேக்கல்லியா ஜெம்மா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை.

"கேட்டேன். பாதி கேட்டேன்."

"பாதியா? பத்திரமா சேந்தாச்சுன்னு மெஷீன் பறஞ்சுதே."

லாஞ்சில் வலை சுற்றுகிற விஞ்சில் கை மாட்டியிருந்தது. அரபி தையல் போட வைத்து, கையோடு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஊருக்குப் போனதும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார் அங்கத்து டாக்டர். ததேயூஸ் விடிகாலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, ஜெம்மா காரோடு வருவாள் என்று ஏர்போர்ட் வாசலில் உட்கார்ந்திருந்தான். பஸ் பிடித்துப் போய்விட்டால் அவள் வந்து தேடுவாளே என்று எழுந்து போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பூவார்க்காரர் ஒருவர் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்த ஜீப்பையே திருப்பி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று விரல்களை எடுக்க வேண்டி வந்தது. காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று ஜெம்மா கேட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அதச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதில் அவளுக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ரெஜியும் பிரசீதாவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். ரெஜி ததேயூஸின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதும் உண்மைதான்.

"எனக்கு ஒறக்கம் இல்ல அண்ணா. இது மாதிரி வேற ஒரு குடும்பத்துக்கும் வரப்படாது. அதுக்கு நம்ம கையில ஒரு வழி உண்டு. உங்க படத்த ஒரு போர்டுல வைப்போம். 'இருபது வினாடி போதும் என்று நினைத்தார்கள்' அப்படீன்னு மட்டும் எழுதுவோம். பாக்குதவங்க துளிய விட்டுட்டு சமுத்திரத்துக்கு வருவாங்க. எத்தனை பேருக்க விரலு மிஞ்சும், ஆலோசிச்சுப் பாருங்க."

"நான் சமுத்திரம் எடுத்துட்டேன் சார்" என்றாள் ஜெம்மா.

"அதத்தான் சேச்சி நானும் சொல்லுதேன். ஒரு ரெண்டு நாளு முந்தி எடுத்திருந்தா."

ததேயூஸ் தன் கையை உருவிக்கொண்டான். "நீங்க போங்க" என்றான். பிரசீதா மட்டும் வாசலில் தயங்கி, "சேச்சி, அந்தச் செய்தி இன்னும் பெட்டியில உண்டு. நான் அழிக்கவிடல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாதத்தோடு அவள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. ஆனாலும் பெட்டியில் பேசுகிற குரல் அவளுடையதாகவே இருந்தது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட் அருகில் போர்டு வந்துவிட்டது. ததேயூஸ் சம்மதிக்காததால் ஆபீஸ் பியூனின் கையில் கட்டுப் போட்டுப் படம் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே விஜயம்மா ஒரு வளையலை விற்று சமுத்திரம் எடுத்தாள். பொழியூரில் பாதிப் பேர் எடுத்தார்கள். பெங்களூர்க்காரர்கள் பணம் போட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்து ஒரு சாயங்காலம் ஜெம்மா பூத்துக்குப் புறப்பட்டாள். எதற்கு என்று ததேயூஸ் கேட்கவில்லை. "நானும் வாறேன்" என்று சட்டையை இடது கையால் மாட்டிக்கொண்டு கூட வந்தான். பூத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"...நீ ஒடனே ஒரு காரு பிடிச்சு ஞாயிறு காலத்த ஏர்போர்ட்டுக்கு வரணும். கையில கொஞ்சம் பட்டுப்போச்சு. நேரா மெடிக்கல் காலேஜுக்குப் போவணும். அம்மைகிட்ட சொல்லாண்டாம்."

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் அலைச் சத்தம் தொடர்ந்தது. யாரோ கார்டைப் பற்றி ஏதோ கத்தினார்கள். பிறகு அவன் வாயை ரிசீவரோடு சேர்த்து வைத்துப் பேசினான்.

"ஜெம்மா, இனி எனக்கு வலை பிடிக்க ஒக்காது. அது எனக்குத் தெரியும். டெல்னா ஓடி வந்து கையப் பிடிச்சா நான் என்ன செய்யன்னு தெரியல்ல. இப்படி வந்து நிக்க நாணமாட்டு இருக்கு பிள்ளே. கடல்ல விழுந்து போயிருக்கலாம்னு நேத்து தோணிச்சு. இப்ப இல்ல. மொகத்தப் பாத்து இதச் சொல்ல எனக்கு வராது, அதுனால இதுல சொல்லுதேன். கேட்டேன்னு என்கிட்ட நீ பறையாண்டாம், கேட்டியா."

ஜெம்மா ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியில் சாய்ந்து நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கண் சிவப்பு மாறட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

அவள் வெளியே வந்ததும் பொன்னப்பன் மீட்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"கேட்டியா?" என்றான் ததேயூஸ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல. இப்பவும் பாதியில நின்னுபோச்சு."

அவன் மெல்ல மூச்சு விட்டான். "போட்டும். அதுல பெரிசாட்டு ஒண்ணும் சொல்லல்ல" என்று எழுந்தான்.